தொப்பம்பட்டி சகலையின் பிளாஸ்மா

தொப்பம்பட்டி சகலையின் கதையை நான் பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன். நம்பிய நாட்களும் உண்டு. அந்த நாட்களில் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

சகலை எனக்கல்ல. பக்கத்து வீட்டு ஸ்டீபன்ராஜுக்கு. அதாவது அவன் மனைவி சகாயமேரியின் அக்கா புருஷன். அப்படித்தான் அவன் சொன்னான்.

திண்டுக்கல்லில் கரண்ட் ஒரு மணி நேரம் வந்தால் ஒரு மணி நேரம் போன காலம் அது. எங்கள் பழைய டப்பா டிவி ஒருநாள் புகைவிட்டு உயிரையும் விட்டது. அதன் முன்னால் நின்று நான் ஒரு சபதம் எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் கரண்டி முதல் கட்டில் வரை எல்லாமே என் மனைவி லூர்தம்மாளின் முடிவு. டிவி என் முடிவு. இதிலும் தோற்றால் நான் இந்த வீட்டில் குடியிருப்பவன்தான், குடும்பத் தலைவன் இல்லை.

அதுவும் பிளாஸ்மா. எல்சிடியில் வேகப்பந்து வால் முளைத்த எலி மாதிரி ஓடுமாம். பிளாஸ்மாவில் பந்தின் தையல்கூடத் தெரியுமாம். எனக்குத் தையல் தெரிந்தாக வேண்டும்.

"பிளாஸ்மாதான் வாங்கப் போறேன்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

லூர்தம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்."

இதற்கு முன்னால் அவள் அப்படிச் சொன்னது, நான் மீசையை எடுக்கப் போகிறேன் என்றபோது. மீசை இன்னும் இருக்கிறது. எப்படித் தப்பியது என்று எனக்கே விளங்கவில்லை.

"அது கரண்டு கூட இழுக்குமாம்."

"இழுத்தா இழுத்துட்டுப் போகுது."

"கனமா இருக்குமாம்."

"நானா தூக்கப் போறேன்?"

"உனக்குக் கோவமே வரலையா?"

"வரணுமா? செத்த இருங்க, கீரையை அலசிட்டு வாரேன்."

அந்த வாரம் முழுக்க அவள் முகத்தையே கவனித்தேன். சண்டை இல்லை. முணுமுணுப்பு இல்லை. ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. மதியம் வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த டிவி மேசையையும் அதன்மேல் விழுந்த வெயிலையும் மாறி மாறிப் பார்ப்பாள். அவ்வளவுதான்.

எதிரி சும்மா இருந்தால் படை திரட்ட வேண்டும். ஸ்டீபன்ராஜ் நாகல்நகரில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். கரண்ட் விஷயத்தில் அவன் சொன்னால் தெருவே கேட்கும்.

"ஸ்டீபா, டிவி வாங்க நீயும் வரணும். உன் மதினி ஏதாச்சும் இழுத்தா, பிளாஸ்மாதான் நல்லதுன்னு அடிச்சுச் சொல்லணும்."

"விடுங்கண்ணே. நான் இருக்கேன்ல?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் கடைக்குப் போனோம். இரண்டு டிவிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. லூர்தம்மாள் விற்பனையாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏந்தம்பி, வெயில் அடிக்கிற ரூம்புல வச்சா எது தெரியும்?"

"பிளாஸ்மா கண்ணாடி மாதிரிக்கா. உங்க மொகந்தான் தெரியும். கதவைச் சாத்திட்டுப் பாக்கணும். எல்சிடின்னா தொறந்தே வச்சுக்கலாம்."

வந்துவிட்டது தாக்குதல் என்று பல்லைக் கடித்தேன். அவளோ, "அது கெடக்கட்டும். அவரு ஆசைப்பட்டதையே குடுங்க. பிளாஸ்மாவுக்குப் பில்லு போடுங்க" என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தவனுக்கு ஏன் சந்தோஷமே வரவில்லை? யோசிப்பதற்குள் ஸ்டீபன்ராஜ் என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனான்.

"அண்ணே, மனசு கேக்கல. தொப்பம்பட்டில எங்க சகலை இதே பிளாஸ்மாதான் வாங்குனாரு."

"நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. உலகக் கோப்பை ஃபைனல் அன்னைக்கு ஊரே அவரு வீட்டுலதான். ஜெயிக்க நாலு ரன்னு வேணும். பந்து போடுறவன் ஓடி வாரான். கரண்டு போச்சு."

"இன்வெர்ட்டர்?"

"அது இழுக்குற இழுப்புக்கு இன்வெர்ட்டர் தாங்குமா? 'கீ'ன்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். இருட்டு."

"அப்புறம்?"

"அடுத்த ஊர்ல வெடிச் சத்தம் கேட்டுத்தாண்ணே ஜெயிச்சதே தெரியும். இன்னைக்கும் சகலைக்கு டீக்கடையில ஆறுன டீதான்."

பெரிய பேட்டரி விற்கும் வாய்ப்பையே விட்டுக்கொடுத்துப் பேசுகிறானே, இவனல்லவா நண்பன் என்று கண் கலங்கியது. திரும்பி வந்தேன்.

"எல்சிடிக்குப் பில்லு போடுங்க."

"என்னங்க, ஆசையா இருந்தீங்களே! எனக்காகவா மாத்துறீங்க? வேணாங்க" என்று லூர்தம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"நான் சொன்னா சொன்னதுதான்! எல்சிடி!"

கடையே திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க இஷ்டம்."

மறுநாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. வெயில் டிவி மேலேயே அடித்தது. படம் பளிச்சென்று தெரிந்தது. லூர்தம்மாளும் சகாயமேரியும் காலை நீட்டி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் சந்தேகம் அன்றைக்கு வந்தது.

சந்தேகத்தைக் கேட்கலாம்தான். உண்மையென்றால் நண்பனைப் புண்படுத்துவேன். பொய்யென்றால் நான் என்ன ஆவேன்? அந்தக் கடையில் நான் போட்ட சத்தம் ஒன்றுதான் என் வாழ்நாள் அதிகாரம். அதையும் இழப்பதா?

சகலை ஒரு நல்லது கெட்டதுக்கும் வரவில்லை. முதலில் அவர் பெயர் அந்தோணி. அடுத்த கிறிஸ்துமஸில் ஆரோக்கியம். "ரெண்டும் ஒரே ஆளுதாண்ணே. அந்தோணி ஆரோக்கியம்" என்றான்.

போன மாதம் எரியோட்டில் சகாயமேரியின் அப்பா அம்மாவுக்குப் பொன்விழாத் திருப்பலி. நாங்களும் போயிருந்தோம். ஃபாதர் பிரசங்கத்தில் உருகினார். "ஆண்டவர் இந்தத் தம்பதிக்கு ஒரே ஒரு பிள்ளையை, சகாயமேரியை மட்டுமே தந்தாலும்..."

ஒரே பிள்ளை. அக்கா இல்லை. அக்கா இல்லையென்றால் அக்கா புருஷன் ஏது?

திரும்பி ஸ்டீபன்ராஜைப் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி ஜெபத்தில் இறங்கியிருந்தான்.

பந்தியில் அவன் பக்கத்திலேயே இடம் பிடித்தேன். எதிர் வரிசையில் லூர்தம்மாளும் சகாயமேரியும் காதோடு காது பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டீபா, ஒண்ணு கேப்பேன். உண்மையைச் சொல்லணும்."

அவன் வாயில் இருந்த பிரியாணி அசையவில்லை. "கேளுங்கண்ணே."

வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த கேள்வி நாக்கு நுனிக்கு வந்தது. எதிரே லூர்தம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அவருக்கு இன்னொரு பீஸ் வைங்க" என்றாள். இரண்டு நாள் முன்னால் எங்கள் ஃபிரிட்ஜ் நின்றுபோனதும், நான் டபுள் டோர் என்றதும், அவள் "உங்க இஷ்டம்" என்றதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"இந்தத் தடவை உன் சகலை எதை வாங்கி அவமானப்பட்டாரு, சிங்கிள் டோரா, டபுள் டோரா?"