பனியாறு செத்ததற்கு ஒரு பெயர் வேண்டும்

நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில், எங்கள் சுவிஸ் பள்ளத்தாக்கின் பனியாறு உருகுகிறது என்று வந்த அறிக்கைக்கு, அது "தற்காலிகக் களைப்பு" என்று ஊர்ச்சபை அலுவலகம் பதில் எழுதியது. இரண்டாவது, பனியாறு பின்வாங்கியதால் சுற்றுலாப் பயணிகளின் மனம் நோகக்கூடாதென்று பார்வை மேடையை மலைக்கு மேலே நகர்த்தினார்கள். மூன்றாவது, அந்த மேடைக்குப் பக்கத்தில் முந்நூறு கார் நிறுத்த இடம் வெட்டினார்கள். நான்காவது, மிஞ்சிய பனி உருகாதிருக்க அதை வெள்ளைத் துணியால் போர்த்தினார்கள். போர்த்தவும், எவ்வளவு மிச்சம் என்று அளந்து கையெழுத்து வைக்கவும் எங்கள் தமிழ்ச் சனத்தில் ஒருவரான தில்லைநாதனை வேலைக்கு எடுத்தார்கள். பதினொரு வருடங்கள் அளந்தார்.

இந்தக் கோடையில் பனியாறு ஒரு காற்பந்துத் திடலைவிடச் சின்னதாகி, அதிகாரபூர்வமாக இறந்தது. பனியாற்றுக்கு இறுதிச் சடங்கு செய்வது இப்போது நாகரிகம். பக்கத்து ஊர் செய்துவிட்டது, நாங்கள் பின்தங்கலாமா? மரணப் படிவத்தில் "காரணமானவர்" என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. செயலாளர் ஸ்டுக்கி தில்லைநாதனை அழைத்தார்.

"அதில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறோம்."

"என் பெயரா? வெப்பம் என்று எழுதுங்களேன்."

"வெப்பத்துக்கு முகவரி இல்லை. கணினி ஏற்காது. கோப்பைப் பாருங்கள். நீங்கள் அளக்கப்போன ஒவ்வொரு முறையும் பனி குறைந்திருக்கிறது. நீங்கள் போகாத நாட்களில் குறைந்ததாக ஒரு பதிவும் இல்லை."

"ஐயா, அடுத்த மாதம் எனக்குக் குடியுரிமை நேர்காணல்."

"தெரியும். வாழ்த்துக்கள். குற்றப் பதிவு இருப்பவருக்குக் குடியுரிமை கிடையாது. ஆனால் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரத்து வாசித்தால்தான் பதிவு செல்லும். அதுவரை நீங்கள் குற்றமற்றவர்."

வெளிநாட்டுப் பெயரைப் பிழையாக உச்சரிப்பது அவமரியாதை என்று அலுவலகத்தில் புதிதாக ஒரு கொள்கை. ஆகவே அந்தப் பெயரை வாசிக்கும் கௌரவத்தை எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் சந்திரகுமாருக்கு அளித்தார்கள். தில்லைநாதன் அவரிடம் ஓடினார்.

"அண்ணை, அதை வாசிச்சுப் போடாதேங்கோ. வாசிச்சா என்ரை பாஸ்போட் போச்சு."

"எனக்கு விளங்காதே? வாசிக்கமாட்டன்."

"சத்தியமாவோ?"

"ஓமடாப்பா. எண்டாலும் மேடைக்குப் போகத்தான் வேணும். பொன்னாடை வாங்கியாச்செல்லே."

ஞாயிற்றுக்கிழமை ஷ்லீரன், ஊஸ்டர், பேர்ண் என்று எல்லா இடமுமிருந்து தமிழ்ச் சனம் நாங்கள் நாற்பது காரில் ஏறிப்போனோம். திரும்பி வரும்போது உள்ளே குளிராக இருக்கட்டும் என்று பலர் எஞ்சினை நிறுத்தவில்லை. ஊர்ச்சபைத் தலைவர் ஹெலிகொப்டரில் இறங்கி, புகையைப் பற்றிப் பேசிக் கண்ணீர் விட்டார். எல்லோரிடமும் புதிய கறுப்பு மலையேற்ற உடுப்பு. சிலரில் விலைச்சீட்டு தொங்கியது. பனி கிடந்த இடத்தில் சேறும் கிழிந்த துணியும் கிடந்தன.

மைக் சந்திரகுமாரின் கைக்கு வந்தது. எங்கள் சங்க மண்டபத்துக்கு வெளியே இருபத்தைந்து வருடமாக ஒரு மைக் கிடைக்காத மனிதர். தில்லைநாதன் கீழே நின்று, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார். தாளைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். வாசித்தார்.

அந்த உச்சரிப்பில் மயங்கிச் சுவிஸ்காரர்கள் கைதட்டினார்கள். அவர்கள் தட்டியதால் நாங்களும் தட்டினோம்.

"அண்ணை, வீடியோவிலை விழேல்லை!" என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் கத்தினார். "இன்னொருக்கா வாசியுங்கோ!"

சந்திரகுமார் பொன்னாடையை இழுத்துச் சரிசெய்தார். எங்கள் போன்கள் எல்லாம் உயரும்வரை பொறுமையாக நின்றார். பிறகு, மலை எதிரொலிக்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்:

"கந்தையா தில்லைநாதன்."