அந்தப் பந்தைப் பிடித்தவர் நீங்கள் அல்ல, அத்தான்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை, மற்றதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவன் நேரில் வராமல் தபாலில் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். நேரில் வந்தேன், அத்தான். போன செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இரண்டு முறை டீ குடித்தேன், சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் திரும்பினேன். இதைப் படித்ததும் கிழித்துப் போடுங்கள். அக்காவுக்குத் தெரிய வேண்டாம். என் வீட்டுக்காரிக்கும் தெரியாது. நம் இருவரோடு போகட்டும்.

பாடநூல் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்கு ஒன்றும் இல்லாமல், பால் பாக்கெட்டில் இருக்கிற எழுத்துப்பிழைகளைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்கச் சகிக்காமல் என் மருமகள், "இணையத்துல ஒரு கலைக்களஞ்சியம் இருக்கு மாமா, யாரு வேணும்னாலும் எழுதலாம், யாரு வேணும்னாலும் திருத்தலாம், அங்க போய்த் திருத்துங்க" என்று ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். பிழைக்காவலன் என்று பெயர் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாகிறது. உயிரோடு இருக்கிறவர்களின் வாழ்க்கை வரலாறுகள் நூற்றுப் பன்னிரண்டு என் காவலில் இருக்கின்றன. அதில் நடக்கிற அக்கிரமத்தைச் சொல்லி மாளாது. ஒரு பல் மருத்துவரின் பக்கத்தில் "இவருக்குக் கை நடுங்கும்" என்று எழுதிவிட்டு ஒருவன் ஓடுவான். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற ஒரு மேஜிக் நிபுணரை மாதத்துக்கு ஒரு முறை யாராவது சாகடிப்பார்கள், நான் பிழைக்க வைப்பேன். ஒரு பாடகி பிறந்த வருஷம் தானாக முன்னால் நகர்ந்துகொண்டே போகும், நான் பின்னால் இழுத்துக்கொண்டே இருப்பேன். உயிரோடு இருக்கிற மனிதரைப் பற்றி, அச்சில் வந்த சான்று இல்லாமல் ஒரு வரியும் நிற்கக்கூடாது என்பது அங்கே விதி. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. விஷமிகளுக்கு அனுப்புகிற எச்சரிக்கையின் வாசகமே நான் எழுதிக் கொடுத்ததுதான்.

மூன்று வாரத்துக்கு முன், அங்கே உங்களைப் பற்றி இருக்கிற பக்கத்தில் ஒரு விஷமி புகுந்தான். நாட்டுக் கால்பந்து அணிக்குத் தலைவராக இருந்த கோலி, அதாவது கோல்கீப்பர், இறுதியாட்டத்தில் விரல் எலும்பு முறிந்த கையோடு கடைசிப் பெனால்டியைப் பாய்ந்து பிடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர் என்று அதில் ஒரு வரி உண்டு. பெயரில்லாத ஓர் ஆள் அந்த வரியை அழித்திருந்தான். திரும்பப் போட்டேன். பத்து நிமிஷத்தில் மறுபடி அழித்து, "இது பொய். பிடித்தது வேறொருவர்" என்று குறிப்பும் எழுதினான். "தங்கள் சொந்தக் கருத்துக்கு இங்கே இடமில்லை, அச்சில் வந்த சான்று தருக" என்றேன். "அந்தக் கோலியே நான்தான், எனக்கு எதுக்கு சான்று" என்று பதில் வந்தது. எனக்கு வந்ததே கோபம். என் அத்தான் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தன் வருகிறானா என்று கொதித்துப்போய், "ஆள்மாறாட்டம் கடுங்குற்றம். அவரை எனக்கு நேரில் தெரியும். உம்முடைய எழுத்து நடை அவர் நடையே அல்ல" என்று எழுதினேன். "நடையாவது ஒண்ணாவது, ரெண்டு விரலால தட்டிகிட்டிருகேன்" என்று அவன் எழுதினான். அதில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தி அவனுக்கே அனுப்பிவைத்தேன். பிறகு நிர்வாகிகளிடம் முறையிட்டு, ஒரு மாதத்துக்கு அவன் எதையும் தொட முடியாதபடி தடுக்கச் செய்தேன். அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன், அத்தான். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். "டேய், உங்க அத்தான் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு வாரமா யாரையோ திட்டிக்கிட்டே இருக்காருடா. உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே, வந்து பாரேன்." வந்தேன். நீங்கள் எழுந்து எனக்கு நாற்காலி கொடுத்தீர்கள். திரையில், சிவப்புக் கட்டத்துக்குள், "விஷமத் திருத்தம் காரணமாக நீங்கள் தடுக்கப்பட்டுள்ளீர்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் நற்பெயரோடு விளையாடுவது விளையாட்டல்ல" என்று இருந்தது. முற்றுப்புள்ளி உட்பட நான் எழுதியது.

"பாத்தீங்களா மாப்பிள்ளை," என்றீர்கள். "எவனோ பிழைக்காவலனாம். நான் நானில்லைங்கறான். என்னை அவனுக்கு நேர்ல தெரியுமாம்!"

நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "இப்படியும் சில ஜென்மங்க இருக்குதுங்க அத்தான்" என்றேன்.

"ஆளு யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வருவேன்."

"விடுங்க அத்தான். பாவம், வயசான ஆளா இருக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். நல்ல பெயரைப் போய் ஏன் அழிக்கிறீர்கள் என்று கேட்டு வைத்தேன். அப்போதுதான் நெட்டையைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் அணியின் மாற்றுக் கோலி, இப்போது கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். "எழுபதாவது நிமிஷத்துல விரல் போச்சு, நான் வெளிய வந்துட்டேன். உள்ள போனவன் அவன். பிடிச்சவனும் அவன்தான். மறுநாள் பேப்பர்ல போட்டோ மட்டும் என்னுது. போன மாசம் அவன் பொண்ணு இந்தப் பக்கத்தைப் படிச்சிருக்கா. 'ஏம்ப்பா, நீங்க பிடிச்சதாத்தானே இத்தனை வருஷமா சொன்னீங்க'ன்னு கேட்டிருக்கா. அவன் வாயே திறக்கலையாம். தினம் என்கூட நடக்க வர்றவன், இப்ப வர்றதே இல்ல. போன் பண்ணினா, 'விடுப்பா, அதுல அப்படித்தானே போட்டிருக்கு'ங்கறான்." நான் டம்ளருக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். அந்த வரிக்குச் சான்றாக ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பு குறிக்கப்பட்டிருந்தது. எழுதிய நிருபரைத் தேடிப் பிடித்து, இந்தத் தகவல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "கலைக்களஞ்சியத்துல இருந்துதான் சார். அதுல தப்பா இருக்கவா போகுது?" என்றார். அவர் எங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார், நாங்கள் அவரைச் சான்று காட்டியிருக்கிறோம். பக்கத்தின் பழைய திருத்தங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பின்னால் போனேன். பதினோரு வருஷத்துக்கு முன் அந்த வரியை முதன்முதலில், ஒரு சான்றும் இல்லாமல், சேர்த்துவிட்டுப் போன விஷமியின் பெயர் பிழைக்காவலன்.

நீதான் ஆட்டத்தை நேரில் பார்த்தவனாயிற்றே, எப்படித் தப்பாக எழுதினாய் என்று கேட்பீர்கள். நாற்பது வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். நீங்கள் கொடுத்த டிக்கெட்டில் போனது உண்மை. ஆனால் அறுபத்தைந்தாவது நிமிஷத்தில் வயிற்றைக் கலக்கியது, அத்தான். கழிவறை வாசலில் எனக்கு முன்னால் பதினைந்து பேர் நின்றார்கள். நான் உள்ளே இருக்கும்போதுதான் அரங்கமே அதிர்ந்தது. அரைகுறையாக ஓடிவந்து, வழியை அடைத்து நின்ற கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்ப்பதற்குள் ஆட்டமே முடிந்து, கையில் கட்டுடன் நீங்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். மறுநாள் அச்சகத்தில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு, "அந்தப் பெனால்டி எப்படி, சொல்லு சொல்லு" என்றார்கள். கழிவறையில் இருந்தேன் என்றா சொல்ல முடியும்? கைக்கட்டையும் கோப்பையையும் சேர்த்து நானே ஒரு கதையைக் கட்டிவிட்டேன். நீங்கள் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே பார்த்ததாக நானே நம்பிவிட்டேன்.

சரி, அழித்துவிடுவோம் என்று அந்த வரியை எடுத்தேன். மூன்றே நிமிஷத்தில் சான்றெங்கே என்ற பெயருடைய இன்னொரு காவலர் அதைத் திரும்பப் போட்டு, எனக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பினார். நற்பெயரோடு விளையாடுவது விளையாட்டல்ல என்று. அந்த வரியைச் சேர்த்ததே நான்தான், பொய் சொன்னேன் என்று எழுதினேன். "தங்கள் சொந்தக் கருத்துக்கு இங்கே இடமில்லை" என்று வந்தது.

மறுநாள் நெட்டையிடம் மன்னிப்புக் கேட்க அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த அம்மாள் நான் கற்றுக்கொள்ள வந்தவன் என்று நினைத்து, வாயைத் திறப்பதற்குள் காரில் ஏற்றிவிட்டார். எழுபது வயதில் முதல் தடவையாக ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பக்கத்தில் நெட்டை, முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்திருந்தார். "மெதுவா கிளட்ச்சை விடுங்க" என்றார். விட்டேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது. "நான்தான் சார் அந்தப் பெனால்டியை உங்ககிட்ட இருந்து எடுத்தவன்" என்று சொன்ன வேகத்தில் காலும் சேர்ந்து அழுந்தி, நடைபாதை ஓரம் இருந்த குப்பைத்தொட்டியை இடித்துச் சாய்த்தேன். நல்லவேளை, அவர் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது.

முழுவதையும், கழிவறை உட்பட, சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே உருண்டுகொண்டிருந்த தொட்டியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்ல சொல்லிக்க எனக்கு அந்த ஒரு விஷயம்தான் சார் இருந்துச்சு" என்றார். "மத்தபடி நானும் எல்லாரையும் மாதிரிதான்." நான் மன்னித்துவிடுங்கள் என்றேன். "எங்கிட்ட எதுக்கு சொல்றீங்க? நான் பிடிச்சேன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணுகிட்ட சொல்லுங்க." பிறகு, "ரிவர்ஸ் போடுங்க, தொட்டியை நிமுத்தி வச்சுட்டுப் போவோம்" என்றார்.

கால்பந்துச் சங்க அலுவலகத்துக்குப் போய், அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய கோப்புகளை இரண்டு நாள் தும்மிக்கொண்டே புரட்டினேன். நடுவர் கைப்பட எழுதிய அறிக்கை கிடைத்தது. எழுபத்தோராவது நிமிஷம் கோலி மாற்றம், எண்பத்தெட்டாவது நிமிஷம் பெனால்டி, மாற்றுக் கோலி தடுத்தார். நெட்டையின் பெயர் தெளிவாக இருக்கிறது. படம் எடுத்து சான்றெங்கேவுக்கு அனுப்பினேன். "அச்சில் வந்ததா?" என்று ஒரே கேள்வி. அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு நெட்டையின் வீட்டு வாசல்வரை இரண்டு முறை போனேன். கதவைத் தட்டக் கை எழவில்லை. பெற்ற மகளிடம் ஒரு மனிதனைப் பொய்யனாக்கிவிட்டு, எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது? நீங்கள் கூட வந்தால் சொல்லிவிடுவேன். என்னைத் திட்டுங்கள், நாலு வார்த்தை கேட்பேன் என்றீர்களே, நாற்பது கேளுங்கள். ஆனால் வெளியே யாருக்கும் தெரியாமல் இதை முடித்துவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

அக்காவின் முழங்கால் வலி குறையட்டும். உங்கள் விரல் குளிர்நாளில் குடையாமல் இருக்கட்டும். நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதைச் சான்று கேட்காமல் எல்லாரும் நம்ப வேண்டும்.

வெட்கத்துடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டுப் பன்னிரண்டு நாள் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். அதற்குள் புத்தி மாறிவிட்டது. அச்சில் வந்தால்தானே சான்று என்று, இதையும் நடுவர் அறிக்கையையும் வார இதழ் ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். அவர் சங்கத்துக்கே ஆள் அனுப்பி மூலத்தைப் பார்த்து, உங்களோடு விளையாடியவர்களில் இரண்டு பேரிடமும் விசாரித்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். அந்தக் கழிவறைப் பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "அதை எடுத்துட்டா யாரும் நம்ப மாட்டாங்க சார்" என்றார். இன்று காலை முழுக் கடிதமும், என் பெயர், படத்துடன் வந்துவிட்டது. ஆகவே கிழித்துப் போட்டுப் பயனில்லை. அக்கா நாலு தடவை போன் செய்துவிட்டாள், நான் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரி காலையிலிருந்து பேசவில்லை. சான்றெங்கே மட்டும் "நன்றி" என்று எழுதி அந்த வரியை எடுத்துவிட்டார்.

உங்களுக்காகக் காத்திருக்கவும் இல்லை. அச்சு மை காய்வதற்குள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய் நெட்டையின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். மகள்தான் திறந்தாள். வாசலில் நின்றபடியே கடைசி வரி வரை படித்தாள். என்னை உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. இதழை மடிக்காமலே உள்ளே திரும்பி, "அப்பா, கொஞ்சம் இங்க வாங்க. அந்தப் பந்து எந்தப் பக்கமா வந்துச்சு, மறுபடி சொல்லுங்க" என்றாள்.

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு, "வலது பக்கம்மா" என்று கேட்டது.