பையர் கடித்த கால்

எங்கள் செக்கிங் மாஸ்டர் எதையாவது முதல் பார்வையிலேயே 'பாஸ்' சொன்னதாகச் சரித்திரமே இல்லை. பனியன் கம்பெனியில் குறை தேடுவதுதான் அவர் உத்தியோகம். மங்கலத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கண்களுக்கு ஓய்வு கிடையாது. தெருமுனைக் கடையில் இட்லியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். ஒரு கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல மேடையேறியவர், மாப்பிள்ளையின் காலர் கோணல் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அவரிடம் ஒரு கோம்பை நாய் இருந்தது. கம்பெனியில் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு 'பையர்'களைப் போல எதையும் நம்பாமல் மோந்து பார்ப்பதால் அதற்குப் 'பையர்' என்று பெயர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்கிப் படிக்கலாமென்று, குரல்கூடக் கொடுக்காமல் அவர் வீட்டு கேட்டைத் தள்ளினேன். பையர் என் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. மாஸ்டர் ஓடிவந்து அதை இழுத்துக் கட்டினார். என்னைக் குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நடுவில் அவர் பார்வை என் பேன்ட்டுக்குப் போனது.

"துணிதானுங்க கிழிஞ்சிருக்குது. தையலுக்கு ஒண்ணும் ஆகலீங்க. நல்ல கம்பெனிங்க."

"மாஸ்டர், உள்ள இருக்கறது என் காலுங்க."

"தெரியுதுங்க. வாங்க, ஊசி போடப் போலாம்."

ஊசி போட்டுக்கொண்டு வந்தால், காம்பவுண்டுக்குச் சொந்தக்காரரான வீட்டுக்கார அக்கா வாசலில் நின்றார்.

"ஏனுங்க மாஸ்டர், இங்க கொழந்தைக ஓடியாடுதுக. மூலனூர்ல எந்தம்பி ஆட்டுப்பட்டிக்குக் காவல் நாய் கேக்கறான். அனுப்பறதா வெச்சுக்கறதான்னு கடி வாங்குனவரே சொல்லட்டும்."

'அனுப்பிவிடுங்கள்' என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் நாயைக் கொஞ்ச நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அது முடிந்ததும் பதில் தருவதாகச் சொல்லிவைத்தேன்.

மாஸ்டர் வாதாடவில்லை. "ரிஜெக்ட் பண்றதுன்னா பண்ணுங்க. ஆனா கம்பெனில கொறையிருந்தா ஆல்டர் பண்ணி, செரியாகுதான்னு பாத்துட்டுத்தானுங்க ரிஜெக்ட் பண்ணுவோம். கேட்டுக்குக் கொண்டி போடாம உட்டது என் தப்புங்க."

கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "கூப்புடாம வந்தது உங்க தப்புங்க" என்றார்.

மறுநாளே ஆல்டர் வேலை தொடங்கியது. கேட்டுக்கு உள்ளே இன்னொரு கேட். அதற்கொரு பூட்டு, வெளியே ஒரு மணி. நாய் தெருவில் இறங்கினால் வாய்க்கூடு. 'கூப்பிட்ட பிறகு வரவும்' என்று பனியன் துணியில் பெரிய லேபிள் தைத்துத் தொங்கவிட்டார். என்னை ஒவ்வொரு ஊசிக்கும் அவர்தான் ஸ்கூட்டரில் கூட்டிப் போனார். திரும்பும்போது கடையில் நிறுத்துவார். இட்லியைத் திருப்பிப் பார்க்காமலே சாப்பிடுவார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

டாக்டர் சொன்ன நாட்கள் முடிந்தன. பையருக்கு ஒன்றுமில்லை. அக்காவையும் அழைத்துக்கொண்டு போய் மணியடித்து, கூப்பிட்டு, இரண்டாவது கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளேயிருந்து பையர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தது.

"இங்கயே இருக்கட்டுங்கக்கா" என்றேன்.

மாஸ்டர் உள்ளே போய், அன்றைக்கே என்னிடம் வாங்கிவைத்துக் கிழிசல் தைத்த என் பேன்ட்டை எடுத்துவந்து கொடுத்தார். என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"நீங்க பாஸுங்க."

மறுநாள் காலை இட்லி கருகல் என்று கடையில் சண்டை பிடித்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். யார் வீட்டு கேட் முன்னால் நின்று கூப்பிட்டாலும், உள்ளேயிருந்து அவர் வரமாட்டாரா என்றிருக்கிறது.