முதலை வீட்டு மாப்பிள்ளை படமான கதை

ஒரு காட்டில் ஒரு நாடகக் குழு இருந்தது. சிங்கம், சிறுத்தை எல்லாம் இருக்கிற இடத்தில் நாடகம் எப்படி நடந்தது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். ஓசியில் முன்வரிசை கிடைத்தால் சிங்கமும் அடக்கமாகத்தான் உட்காரும்.

குழுவை நடத்தியவள் சொர்ணவல்லி என்ற தவளை. கதை, வசனம், பாட்டு, திரை இழுப்பது எல்லாம் அவள்தான். அவள் எழுதிய 'முதலை வீட்டு மாப்பிள்ளை' மழைக்காலம் தவிர எல்லாக் காலத்திலும் ஓடியது. கதை சின்னது. பெண் பார்க்கப் போன ஒரு கழுதை வழி தவறி முதலை வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. "ஒரு பாட்டுப் பாடுங்க மாப்பிள்ளை, முடிஞ்சதும் சாப்பிடலாம்" என்கிறது முதலை. யாரை யார் சாப்பிடப்போகிறார்கள் என்பது கழுதைக்குப் புரிந்துவிடுகிறது. அதனால் அது பாட்டை முடிப்பதே இல்லை. முதலை வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னொரு சரணம். சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். கடைசியில் காது தாங்காமல் முதலையே வீட்டைக் காலிசெய்துகொண்டு ஓடிவிடும்.

மாப்பிள்ளையாக நடித்தவன் ஏகாம்பரம், நிஜக் கழுதை. முதலை வேஷம் ஓர் உடும்புக்கு. ஏகாம்பரம் பல்லவியை எடுத்தாலே மான்கள் புல்லில் உருண்டு சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சும்மா நிற்பான். அடங்கின நொடியில் அடுத்த வரியைப் பிடிப்பான். சொர்ணவல்லிக்கு அந்த நிற்பில்தான் கர்வம். வசனத்தை அவள் எழுதிக் கொடுத்தாள். அந்த நிற்பை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் நாடகம் முடிந்ததும் நரியார் மேடைக்குப் பின்னால் வந்தார். பக்கத்துக் காட்டில் பெரிய சினிமா டைரக்டர்.

"மேடம், இதைப் படமா எடுக்கறேன். ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்."

சொர்ணவல்லி குதித்துக்கொண்டே போய் ஏகாம்பரத்திடம் சொன்னாள்.

"அக்கா, திரையில என் காது எவ்வளவு பெருசா தெரியும்?"

"தேக்கிலை அளவுக்குத் தெரியும்டா."

அன்றிலிருந்து அவன் ஓடைத் தண்ணீரில் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

முதலில் கேமரா முன்னால் சோதித்துப் பார்த்தார்கள். ஏகாம்பரம் ஒரு வரி பாடிவிட்டு வழக்கம்போல நின்றான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் நரியார்.

"சிரிக்கறதுக்கு இடம் விடறேங்க."

"யாருக்கு இடம்? இங்க கேமராதான் இருக்கு. அது சிரிக்காது."

பிறகு நரியார் சொர்ணவல்லியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆள் நல்லாத்தான் பண்றாப்ல. ஆனா அப்படியே கழுதை மாதிரி இருக்காரே."

"கழுதைதானே சார்."

"மேடைக்கு அது சரி. சினிமாவுல கழுதையா வர்றவர் கொஞ்சம் லட்சணமா இருந்தாத்தான் ஜனம் நம்பும்."

அப்படித்தான் மாப்பிள்ளை வேஷம் சினிமா நட்சத்திரம் மயிலாருக்குப் போனது. மயிலார் சுருதி விலகிப் பாட மறுத்துவிட்டார். ரசிகர்கள் மனசு புண்படுமாம். ஆகவே குரல் கொடுக்கக் குயில் வந்தது. குயில் பாடினால் முதலை எதற்கு ஓடும் என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"ஓட வேண்டாம் மேடம். அந்தக் குரலைக் கேட்டதும் செத்துப்போன அம்மா ஞாபகம் வருது. பிளாஷ்பேக். அழுது, திருந்தி, சைவமாயிடுது."

"இதுல சிரிப்பு எங்க சார் வரும்?"

"சிரிப்பு ஒரு காட்டுல வரும், இன்னொரு காட்டுல வராது. அழுகைதான் எல்லாக் காட்டுக்கும் பொது."

நீளம் அதிகம் என்று பாட்டுகளை வெட்டினார்கள். ஒன்று மிஞ்சியது, அதுவும் சோகப் பாட்டு.

"ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன்னு சொன்னீங்களே."

"தலைப்பை அப்படியேதானே வெச்சிருக்கேன்?"

அவள் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அதற்குள் படப்பிடிப்பில் அவள் பேர் எழுதிய பஞ்சு நாற்காலி ஒன்று போட்டுவிட்டார்கள். பாறையில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. சட்டென்று எழுந்துகொள்ள வரவில்லை.

ஏகாம்பரத்திடம் விஷயத்தைச் சொன்னாள். "பரவாயில்லக்கா. வேற ஏதாவது இருக்குமா?"

இருந்தது. கேமராவைச் சுமக்க ஆள் வேண்டியிருந்தது. "இந்தப் படத்தையே தாங்கினவர் ஏகாம்பரம்" என்று நரியார் பிற்பாடு பேட்டியில் நெகிழ்ந்தார். பொய் இல்லை, முதுகில் தாங்கினான்.

படம் வெளியானது. கூட்டம் குலுங்கிச் சிரித்த இடங்களிலெல்லாம் இப்போது மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒரு முதலை அழுததைக் காடு நம்பியது அதுதான் முதல்முறை. போஸ்டரில் 'நகைச்சுவைக் காவியம்' என்று போட்டிருந்ததால், அழுதவர்களும் தாங்கள் சிரித்ததாகவே நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

படத்தின் ஆரவாரம் கொஞ்சம் அடங்கியதும் சொர்ணவல்லி மறுபடி நாடகம் போட்டாள். பழைய நாடகம், பழைய பாட்டு. ஏகாம்பரம் பல்லவியை எடுத்தான், நின்றான். சிரிப்பு வரவில்லை. வரும் என்று இன்னும் கொஞ்சம் நின்றான். திரைக்கயிற்றைப் பிடித்திருந்த சொர்ணவல்லிக்குக் கை ஈரமானது. தவளைக்கு எப்போதும் ஈரம்தான் என்றாலும், இது வேறு ஈரம்.

ஒரு கலைமான் எழுந்தது. "தம்பி, சினிமாவைக் காப்பியடிக்கறதுன்னா ஒழுங்கா அடி. மயில் எவ்வளவு தத்ரூபமா பண்ணியிருக்காரு. உன்கிட்ட அந்தக் கழுதைத்தனமே இல்லையே."

கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு நாடகத்தில் விழுந்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

வேஷத்தைக் கலைக்கும்போது ஏகாம்பரம் கேட்டான். "அக்கா, நான் இத்தனை நாளாத் தப்பாவா பண்ணிட்டிருந்தேன்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொர்ணவல்லி வாயைத் திறந்தாள். ஆனால் அந்தப் பஞ்சு நாற்காலியும், சிரிக்காமல் உட்கார்ந்திருந்த முன்வரிசையும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தன. "படத்தை இன்னொரு தடவை பாருடா. மயில் கழுத்தை எப்படித் திருப்பறாருன்னு மட்டும் கவனி" என்றாள்.

அவன் ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்தான். மயில் கழுதையாக நடப்பதைப் பார்த்து நடக்கப் பழகினான். மேடையில் வாயை மட்டும் அசைத்தான், புதருக்குள்ளிருந்து குயில் பாடியது. வாலில் நான்கு இறகு கட்டிக்கொண்டான். உடும்பு அம்மாவை நினைத்து அழுதது. வாசலில் சொர்ணவல்லி புதுப் பலகை மாட்டினாள்: 'வெற்றித் திரைப்படத்தைத் தழுவிய மேடை நாடகம்.'

அரங்கம் நிறைந்து மரத்தின்மேலும் ஆள் ஏறியது. முடிந்ததும் கலைமான் உள்ளே வந்து ஏகாம்பரத்தின் தோளைத் தட்டியது. "இப்பத்தான் உனக்கு நடிப்பு வருது."

"எல்லாம் மயில் சாரைப் பார்த்துக் கத்துக்கிட்டதுங்க" என்றான் ஏகாம்பரம். மனசாரத்தான் சொன்னான். சொர்ணவல்லி அதைக் கேட்டுக்கொண்டே, மறுநாள் ஆட்டத்துக்கு இறகுகளைத் தூசி தட்டி எடுத்து வைத்தாள்.

நீதி: நீங்கள் நீங்களாகவே இருக்கத் தொடங்குவதற்கு முன்னால், அந்த வேஷத்தை வேறு யாராவது நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.