கதைக் கசிவுத் தடுப்புக் குழுவின் நூறு சதவீத வெற்றி

ரகசியம் காப்பதில் உலகிலேயே சிறந்த நிறுவனம் எது என்று கேட்டால் சிலர் உளவுத்துறை என்பார்கள், சிலர் வங்கி என்பார்கள். விவரம் போதாதவர்கள். அந்தப் பெருமை எங்கள் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கே உரியது. அதன் கண்காணிப்பாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் மாடியில் இரண்டு கட்சி: படித்தவர்கள், பார்த்தவர்கள். படித்தவர்கள் என்றால் பட்டம் வாங்கியவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 'மேற்படி நாவலின்' ஆறு பாகங்களையும் கரைத்துக் குடித்துவிட்டு, ஏழாம் பாகத்துக்காக ஒன்பது வருடமாகக் காத்திருக்கும் என் போன்றவர்கள். பார்த்தவர்கள் என்றால் அதே கதையை ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைக்காட்சியில் தொடராகப் பார்ப்பவர்கள். நாவலின் பெயரைச் சொன்னாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும் என்பதால், தீர்மானம் எண் ஒன்றின்படி அது என்றென்றும் 'மேற்படி நாவல்'தான்.

ஆரம்பத்தில் எங்கள் கை ஓங்கியிருந்தது. அடுத்த வாரம் யார் சாகப்போகிறார்கள் என்பது படித்தவர்களுக்குத் தெரியும், பார்த்தவர்களுக்குத் தெரியாது. இந்த அறிவை நான் ஒருபோதும் தவறாகப் பயன்படுத்தியதில்லை. தட்டச்சர் அம்மா என்னோடு முறைத்துக்கொள்ளும் நாட்களில் மட்டும், "கதையில வர்ற அந்தக் கொல்லன் மேல ரொம்பப் பாசம் வெச்சுடாதீங்க" என்று அன்போடு எச்சரிப்பேன்.

பிறகு அந்த அநியாயம் நடந்தது. எழுத்தாளர் எழுதி முடிப்பதாகக் காணோம். தொலைக்காட்சிக்காரர்கள் ஆறு பாகத்தையும் தின்று தீர்த்துவிட்டு, மீதிக் கதையைச் சொந்தமாகச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை தட்டச்சர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. என் இருபத்திரண்டு வருட சர்வீசில் அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை.

"சார், நம்ம மாலுமி இருக்காரே..."

"அம்மா! உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

"இருக்காரேன்னுதானே சொன்னேன்? இல்லைன்னா சொன்னேன்?"

"இருக்கார்னு சொல்றதும் கசிவுதான்!"

அன்றே பதிவாளர் தலைமையில் 'கதைக் கசிவுத் தடுப்புக் குழு' உருவானது. செயலாளர் அடியேன். பதிவாளர் படித்தவரும் அல்ல, முழுசாகப் பார்த்தவரும் அல்ல. மாப்பிள்ளையோடு உட்கார்ந்துதான் பார்ப்பேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையோ வேலை விஷயமாக ஊர் ஊராகச் சுற்றுபவர். அதனால் எங்கள் தலைவர் எப்போதும் நாலு வாரம் பின்தங்கியே இருந்தார்.

முதல் கூட்டத்தில் 'போயிட்டார்', 'முடிஞ்சுபோச்சு', 'இனிமே இல்லை' ஆகிய சொற்கள் தடை செய்யப்பட்டன. மறுநாள் "பால் முடிஞ்சுபோச்சு" என்று சொன்ன கடைநிலை ஊழியரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது. மாலையில் கிளம்புகிறவர்கள் 'போயிட்டு வரேன்' என்பதில் முதல் சொல்லை நீக்கிவிட்டு 'வரேன்' என்று மட்டும் சொல்ல அனுமதிக்கப்பட்டார்கள். செய்தித்தாள்கள் வாசலிலேயே பறிமுதல் செய்யப்பட்டன.

அப்படியும் ஒரு விபத்து நேர்ந்துவிட்டது. கணவரின் இறப்பைப் பதிவு செய்ய ஓர் அம்மாள் வந்திருந்தார். தட்டச்சர் அம்மா வழக்கம்போலப் படிவத்தை உரக்கப் படித்துச் சரிபார்த்தார். "தொழில், மாலுமி. காரணம், நீரில் மூழ்கி." பதிவாளரின் அறையிலிருந்து "ஐயோ!" என்று ஓர் அலறல் கேட்டது. மேற்படி நாவலில் யாருக்கும் பெயர் கிடையாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மாலுமி, கொல்லன், வைத்தியர், சமையல்காரி என்று தொழிலை வைத்துத்தான் எல்லாரையும் குறிப்பிடுவார்கள். பதிவாளர் மூன்று நாள் மருத்துவ விடுப்பு எடுத்தார். அந்த அம்மாள்கூட அவ்வளவு அழவில்லை.

இரண்டாம் கூட்டத்தில் புகழ்பெற்ற ஏழாம் தீர்மானம் நிறைவேறியது. இனி இறப்புப் படிவத்தில் 'தொழில்' என்ற கட்டத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டப்படும். படிவம் உறையில் போடப்பட்டு அரக்கு முத்திரை வைக்கப்படும். பதிவாளர் நடப்பு வாரம் வரை பார்த்து முடித்த பிறகே உறைகள் பிரிக்கப்படும். அதுவரை எங்கள் எல்லைக்குள் ஒருவரும் அதிகாரபூர்வமாகச் சாக முடியாது. உயிர்களின் மேல் இவ்வளவு அக்கறை காட்டிய அரசு அலுவலகம் இன்னொன்று இருந்தால் சொல்லுங்கள்.

நாலாம் தேதி ஓர் இளம்பெண் கையில் படிவத்தோடு வந்தார்.

"எங்கப்பா இறந்து..."

காதைப் பொத்திக்கொண்டேன். "அம்மா, இங்க அந்த வார்த்தை கூடாது."

"இது இறப்புப் பதிவு பண்ற ஆபீஸ்தானே?"

"அதனாலதான் கூடுதல் கவனம். 'அப்பாவுக்கு ஒரு திருப்பம் வந்துடுச்சு'ன்னு சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார். "அப்பாவுக்கு ஒரு திருப்பம் வந்துடுச்சுங்க."

"இவ்வளவு சோகமா சொன்னா என்ன திருப்பம்னு தெரிஞ்சுடுமே. கொஞ்சம் பொதுவா சொல்லிப் பாருங்க."

பொதுவாகச் சொல்ல அவருக்கு வரவில்லை, அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "சார், அப்பா ஒரு காகிதக் கட்டு விட்டுட்டுப் போயிருக்கார். முப்பதாம் தேதிக்குள்ள நான்தான் வாரிசுன்னு காட்டணும். இல்லைன்னா ஒப்பந்தப்படி அது ஒரு கம்பெனி கைக்குப் போயிடும். அதுக்கு இறப்புச் சான்றிதழ் வேணும். அந்தக் கட்டுல என்ன இருக்குன்னா..."

"சொல்லிடாதீங்க!" என்றேன். பழக்கம்.

படிவத்தில் ஒரு வரியும் படிக்காமல் வெள்ளைத்தாள் ஒட்டினேன், அரக்கு வைத்தேன், ரசீது கொடுத்தேன்.

பதினெட்டாம் தேதி அவர் மறுபடி வந்தார். பதிவாளரின் மாப்பிள்ளை இன்னும் வரவில்லை. தட்டச்சர் அம்மா என் காதருகே குனிந்தார். "பாவம் சார், அந்த ஒரு உறையை மட்டும் பிரிச்சுடலாமே."

"ஒரு உறைக்கு இரக்கப்பட்டா குழு எதுக்கும்மா?"

அந்தப் பெண் என் மேசையைக் கவனித்தார். ஆறு பாகங்களும் வரிசையாக நின்றன. அவர் முகம் மலர்ந்தது. "சார், நீங்க இதெல்லாம் படிச்சவரா?"

"ஒவ்வொண்ணும் நாலு தடவை."

"அப்படின்னா உங்ககிட்ட சொல்லிடறேன். எங்கப்பாதான் இந்த..."

'இந்த' என்ற சொல்லோடு நான் எழுந்துவிட்டேன். கோப்பறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே நின்று அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார், கதவையும் தட்டினார். நான் ஒன்றிலிருந்து நூறு வரை உரக்க எண்ணினேன். நூறு போதாமல் இருநூறுக்குப் போனேன். கதவைத் திறந்தபோது அவர் இல்லை. ஒரு கசிவை நேருக்கு நேர் நின்று முறியடித்ததற்காக அந்த வாரக் கூட்டத்தில் எனக்குப் பாராட்டுத் தெரிவித்தார்கள்.

முப்பதாம் தேதியும் வந்து போனது. ஒன்றாம் தேதி காலை பதிவாளர் வீங்கிய கண்களோடு வந்தார். மாப்பிள்ளை வந்துவிட்டார், முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. உறைகளை முறைப்படி பிரிக்க ஆரம்பித்தோம். ஆறாவது உறையின் வெள்ளைத்தாளைத் தட்டச்சர் அம்மா நகத்தால் கிழித்தார்.

"தொழில், எழுத்தாளர்" என்று படித்தார். கீழே 'வேறு பெயர்கள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார். படிவத்தை என்னிடம் நீட்டினார். என் மேசையில் ஆறு அட்டைகளில் இருந்த அதே புனைபெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளை ஒரு புகைப்படத்தில்கூட நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பெண் மனு வாங்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். அவசரம் எதுவும் அவர் முகத்தில் இல்லை.

"அம்மா, அந்தக் காகிதக் கட்டு..."

"ஏழாம் பாகம் சார். நேத்து சாயங்காலம் தொடர் எடுக்கற கம்பெனிக்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அச்சுப் போடுவாங்கதானே?"

"அவங்க எடுத்து வெச்சிருக்கற முடிவு வேறயாம். இது வெளிய வந்தா குழப்பமாம். பெட்டியில வெச்சுப் பூட்டிடறோம்னு சொன்னாங்க."

"நீங்க படிச்சீங்களா? ஒரு வரியாவது?"

"இல்லைங்க. புத்தகமா வந்தப்புறம் படிம்மான்னு அப்பா சொல்லிட்டார்."

எனக்கு அழுகை வந்தது. நாலு தடவை படித்த ஆறு பாகத்தையும் பார்க்க அந்த நிமிடம் எனக்குக் கூசியது. இருந்தாலும் கடமையில் தவறவில்லை. அன்று பிற்பகலே தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். 'மேற்படி நாவலின் முடிவு ஒருவருக்கும் கசியவில்லை. இனிக் கசியவும் வழியில்லை. குழுவின் இலக்கு நூறு சதவீதம் எட்டப்பட்டது.'

அதற்கு முன் சான்றிதழில் கையெழுத்து வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தேன். அவர் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இன்னொரு படிவம் கேட்டார்.

"இன்னொண்ணு யாருக்கும்மா?"

"அப்பா வீட்டுல போனார் சார். புத்தகம் இங்கதான் போச்சு. அதையும் பதிவு பண்ணணுமில்ல?"

தட்டச்சர் அம்மா ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பெண் அதை ஜன்னல் திட்டில் வைத்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். இறந்த இடம்: இரண்டாம் மாடி. இறந்த தேதி: முப்பது. வயது: ஒன்பது வருடம். 'இறப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் சற்று யோசித்து என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல்லைத் தெளிவாக எழுதினார்: 'வாசகர்கள்.'