பேர் பதிந்த பிலோடென்ட்ரன்

எங்கள் மேமலைத் தேயிலைத் தோட்டம் கொட்டகலையிலிருந்து ஆறு மைல் ஏற்றத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. அந்தத் தோட்டத்து ஆபீசில் பச்சை போதவில்லை என்று கொழும்புத் தலைமை அலுவலகம் கண்டுபிடித்தது. ஊழியர்களின் மனநலத்தை முன்னிட்டு ஒரு பிலோடென்ட்ரன் செடியை அனுப்பிவைத்தது. வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிற கொடி அது. கூடவே பதினெட்டுப் பக்கக் கையேடு. நேர்வெயில் ஆகாது, குளிர்காற்று ஆகாது, மேலே தண்ணீர் சொட்டக் கூடாது, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைக்க வேண்டும். அந்த ஆபீசில் நான் இருபத்திரண்டு வருடமாகக் கிளாக்கர். என் மனநலத்தை ஒருவர் விசாரிப்பது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது.

தோட்டத்தை நடத்தும் துரை ஒருமுறை, நான் ஒருமுறை, வாச்சர் ஒருமுறை என்று ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றியதில் மூன்றாவது வாரமே இலை மஞ்சளானது. துரை பதறிப்போனார். இலையில் அனுபவமுள்ள ஒருவரை உடனே கூப்பிடச் சொன்னார். முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ராசம்மா அக்கா வந்தார். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். தண்ணீரைக் குறைத்து, கொஞ்சம் சூடான இடத்தில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்றார். ஆபீசில் சூடான இடம் ஏது? லயத்து வரிசை வீடுகளில் அவர் அடுப்பெரிக்கும் ஒற்றையறைக் காம்பராவுக்குச் செடி போவதென்று முடிவானது.

அந்தக் காம்பராவின் கூரை ஐந்து வருடமாக ஒழுகுகிறது. ராசம்மா அக்கா ஏழு மனுக் கொடுத்திருக்கிறார். ஏழையும் எழுதிக்கொடுத்தவன் நான். ஏழுக்கும் மறுப்புக் கடிதம் அடித்தவனும் நான்தான். ஓய்வுபெற்றவருக்குத் தோட்டத்துத் தொழிலாளர் பதிவில் பேர் கிடையாது. பேர் பதிந்த ஆள் இல்லாத காம்பராவுக்குக் கூரைத் தகரம் கிடையாது. சட்டம் அப்படி.

செடி இடம் மாறுவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனேன். தொழிலாளி நம்பர் இல்லாமல் காம்பரா நம்பரை ஏற்க மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. வேறு வழியில்லாமல் செடிக்குப் பேர் பதிந்தேன். பெயர், பிலோடென்ட்ரன். பால், பெண். தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் தலைமை அலுவலகம் என்று போட்டேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து உள்ளகத் தாவர நலன் அதிகாரி திரு. மேர்வின் வந்தார். காம்பராவுக்குள் குனிந்து நுழையும்போதே மழை பிடித்துக்கொண்டது. இலையில் ஒரு சொட்டு விழுந்தது. அதிகாரியின் முகம் செத்துப்போயிற்று.

"செடி மேல தண்ணி சொட்டக் கூடாதுங்கம்மா" என்றார்.

"எம்மேல சொட்டலாங்களா?" என்று கேட்டார் ராசம்மா அக்கா.

அதிகாரி நேர்மையான மனிதர். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தார்.

"அதப் பத்தி இதுல ஒண்ணும் போடலீங்க."

மூன்றே நாளில் தகரம் வந்தது. பேர் பதிந்தவரின் தலைக்கு நேர் மேலே மட்டும், ஒரேயொரு தகரம். ராசம்மா அக்கா மறுநாள் தொட்டியைத் தூக்கி அடுத்த ஒழுக்குக்குக் கீழே வைத்தார். நான் போய்ப் போட்டோ பிடித்து அனுப்பினேன், அதற்கும் தகரம் வந்தது. இப்படிப் பதினொரு இடம் நகர்ந்ததில் அவர் காம்பரா காய்ந்துவிட்டது. பிறகு, பேர் பதிந்திருந்தும் தகரம் கிடைக்காத பக்கத்துக் காம்பராக்காரர்கள் தொட்டியைக் கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முறைப்படி இடமாற்ற உத்தரவு அடித்தேன். ஒன்றரை வருடத்தில் பன்னிரண்டு காம்பராவும் காய்ந்தன. ஒழுகாத ஒரு லயத்தை என் சர்வீசிலேயே அப்போதுதான் பார்த்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். துரை பெருமை தாங்காமல் அறிக்கை அனுப்பிவிட்டார். கம்பனியின் எல்லாத் தோட்டங்களிலும் செடிக்கு உகந்த இடம் எங்கள் லயம்தான் என்று தலைமை அலுவலகம் தீர்மானித்தது. ராகலை, டிக்கோயாப் பக்கத்து ஆபீசுகளில் வாடிக்கிடந்த நூற்று நாற்பது பிலோடென்ட்ரன்கள் லொறியில் வந்து இறங்கின. திரு. மேர்வின் மறுபடியும் வந்தார். அடுப்புப் புகை இலையில் படிவதையும், ஆட்கள் கதவைத் திறந்து மூடுவதால் குளிர்காற்று நுழைவதையும் கவலையோடு குறித்துக்கொண்டார். செடிகளுக்கு, காம்பராவுக்கு ஒன்றாக, ஹீட்டர் வந்தது. ஆட்களுக்குக் கடிதம் வந்தது. செடிகளுக்கென்று வாங்கி மைதானத்தில் சும்மா நிற்கும் பொலித்தீன் கூடாரத்துக்குப் பன்னிரண்டு குடும்பமும் தற்காலிகமாகப் போக வேண்டும். கடிதத்தை அடித்தவன் நான். ஒரு பிழைகூட இல்லை என்று துரை பாராட்டினார்.

அடைமழையில் ஒருநாள் கூடாரத்துக்குப் போனேன். ராசம்மா அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஒழுகுகிறதா என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு சொட்டு இல்லீங்க கிளாக்கரய்யா. செடிக்குன்னு வாங்குனதில்ல, நல்லாத்தான் செஞ்சிருக்காங்க."

நான் கிளம்பவில்லை. என் குவார்ட்டர்சும் ஒழுகுகிறது, கட்டிலுக்கு நேர் மேலேயே. நாலு மனு எழுதினேன். நாலுக்கும் நானே மறுப்பு அடித்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். தயங்கித் தயங்கி ஒரு செடித் துண்டு கிடைக்குமா என்று கேட்டேன்.

ராசம்மா அக்கா ஜாம் போத்தல் தண்ணீரில் வேர் விட்டிருந்த ஒரு கொடியை எடுத்து, வேரைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்.

"கொண்டுபோயி வைங்கய்யா. உங்களுக்கும் இங்க ஒரு எடம் புடிச்சு வைக்கிறேன்."