ரெக்கார்டரில் விழுந்த அரோகரா

முருகனைக் கண்டால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. இதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன். வியாதி என்பது மகள் செல்வியின் ஆராய்ச்சியைக் கெடுத்த பிறகுதான் தெரிந்தது.

செல்வி இசையில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். அதற்குள் அரசியல், பொருளாதாரம் எல்லாம் உண்டாம். (நான் எட்டாவது. பாட்டு என்றால் சாமிப் பாட்டு, அவ்வளவுதான்.)

"பாட்டுல எங்கம்மா அரசியல்?"

"நாயனக்காரர் உருகி வாசிச்சிக்கினு இருப்பாரு. கட்சிக்காரர் வந்தா பாதியில நிறுத்தச் சொல்லுவாங்க. நிறுத்தலன்னா அடுத்த வருஷம் அவரை யாரு கூப்பிடுவா? அதாம்ப்பா."

இதை வாய் திறந்து சொல்லச் சம்மதித்தவர் ஒரே ஒருவர், நாயனக்காரர் கோவிந்தன். பங்குனி உத்திரத்தன்று மயிலம் முருகன் கோயிலுக்கு வரச் சொன்னார். அன்று பார்த்து செல்விக்குக் காய்ச்சல். ரெக்கார்டரை வாங்கிக்கொண்டு நானே திண்டிவனத்தில் பஸ் ஏறினேன்.

கோவிந்தன் நாயனத்தைத் துடைத்தபடி பேச ஆரம்பித்தார். அதே நேரம் சாமி வெளியே வந்தது. ரெக்கார்டரோடு இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்தேன். "அரோகரா!" கண்ணைத் திறந்தபோது அவர் பேசி முடித்திருந்தார்.

"எல்லாம் பதிஞ்சிச்சாங்க?"

"பேஷா!" என்றேன், பாவி.

வீட்டில் கேட்டோம். முழுக்க என் அரோகராதான்; அவர் சொன்ன விஷயம் ஒரு வார்த்தை புரியவில்லை. மறுவாரம் திரும்பப் போகலாம் என்றாள் செல்வி. அதற்குள் மாரடைப்பில் கோவிந்தன் போய்விட்டார்.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேலைக்கான இன்டர்வியூ. ஆராய்ச்சிக்கு ஆதாரம் கேட்டார்களாம், வேறு வழியில்லாமல் அந்தப் பதிவையே போட்டாள். விபூதிப் பொட்டலத்தோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்குக் கதவு வழியாக என் குரலே கேட்டது.

"யாரும்மா இப்படிக் கத்தறது?"

"எங்கப்பா சார்."

சிரிப்பு வெளியே வரை வந்தது. வேலை வரவில்லை. பஸ்ஸில் செல்வி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்றும் எங்கள் வீட்டில் கற்பூரம் ஏற்றினால் என் மனைவி, "செல்வி, அப்பா வாயை மூடிட்டு வந்து கும்புடு" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கோவிந்தனின் மனைவி ஒருநாள் வந்தார். "அவரு குரல் வேற எதுலயும் இல்லீங்க." கூனிக்குறுகிப் போட்டுக் காட்டினேன். என் கத்தலின் முடிவில் கோவிந்தன் சிரிக்கிறார்: "இன்னா சாமி, காதே போவுது!" அந்தக் கடைசிக் கத்தலோடு சேர்த்து அதை மட்டும் போன் மணியாக ஏற்றித் தரச் சொன்னார் அந்தம்மா.

போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அந்தம்மாவின் போன் அடித்தது. என் அரோகராதான். ஊரே திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோவிந்தன் பேசி முடிக்கும் வரை அந்தம்மா போனை எடுக்கவில்லை.